‘வென்ட்’ எங்கிருந்து வந்தது?

அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கு மாலையில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். ‘கோ, வென்ட், கான்’ என்று ராகம் போட்டு மூச்சுவிடாமல் ஒப்பிப்பார்கள். நடுவில் நிறுத்தி ‘டீச்’சுக்கு என்ன என்று கேட்டால், திரும்பவும் முதலிலிருந்து ஆரம்பிப்பார்கள். அகரவரிசைப் பட்டியல் செய்கிற வேலை அது.

‘வென்ட்’ முதலில் ‘கோ’வுக்கு உரியதே அல்ல. செல்வது என்ற பொருளில் ‘வெண்ட்’ என்றொரு பழைய வினை உண்டு. அதன் இறந்தகாலம்தான் ‘வென்ட்’. ‘கோ’வின் பழைய இறந்தகாலம் வழக்கொழிந்தபோது இது அந்த இடத்துக்கு வந்து நிலைத்துவிட்டது. இதைச் சொன்னால் பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருகிறார்கள்.

இப்படி ‘எட்’ விகுதி ஏற்காத ஒழுங்கற்ற வினைகளெல்லாம் பெரும்பாலும் பழைய ஆங்கிலத்தின் மிச்சம். 2007-இல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் ‘நேச்சர்’ இதழில் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். பழைய ஆங்கிலத்தில் ஒழுங்கற்றவையாக இருந்த 177 வினைகளை எடுத்துக்கொண்டால், இன்றும் அப்படியே இருப்பவை 98. மற்றவை ‘எட்’ விகுதிக்கு மாறிவிட்டன. ‘ஹெல்ப்’புக்கு ஒருகாலத்தில் ‘ஹோல்ப்’ என்ற வடிவம் இருந்தது, இன்று ‘ஹெல்ப்ட்’தான். அன்றாடம் வாயில் புழங்கும் வினை மாறுவதில்லை, அபூர்வமாக வருவதுதான் மாறுகிறது. பி, ஹேவ், டூ, கோ, சே, கம், டேக் என்று பேச்சில் அதிகம் வருபவையெல்லாம் ஒழுங்கற்றவையாக இருப்பதற்குக் காரணம் இதுதான். அதனால் நான் அவற்றைத்தான் முதலில் எடுப்பேன். பிறகு ஓசையை வைத்துச் சேர்ப்பேன்: சிங்–சேங், ரிங்–ரேங், டிரிங்க்–டிரேங்க் ஒரு பக்கம், பிரிங், திங்க், பை, டீச், கேட்ச் இன்னொரு பக்கம். புட், கட், ஹிட் மாறவே மாறாது, பிள்ளைகளுக்கு அதில் பரம சந்தோஷம்.

ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி ‘ஐ டிட் நாட் வென்ட்’ என்றாள்.

“நேத்து ஊருக்குப் போனியா?”

“போகலை டீச்சர்.”

“போனலைன்னு ஏன் சொல்லலை?”

சிரித்துவிட்டாள். ‘போகவில்லை’யில் ‘போக’ காலம் காட்டுவதில்லை. அதேபோல ஆங்கிலத்தில் ‘டிட்’ இறந்தகாலத்தை ஏற்றுக்கொண்டுவிட்டது. பக்கத்தில் உள்ள வினை ‘கோ’வாகவே நின்றால் போதும். அதற்குப் பிறகு அவள் அந்த வாக்கியத்தைத் தவறாக எழுதவில்லை.

தமிழும் இதில் லேசுப்பட்டதல்ல. செல் என்றால் சென்றான், சொல் என்றால் சொன்னான், கல் என்றால் கற்றான். மூன்றும் ‘ல்’லில் முடிகின்றன, மூன்றும் மூன்று விதமாகப் போகின்றன. எந்தக் குழந்தையும் இதைப் பட்டியல் வைத்துப் படித்ததில்லை. வீட்டில் காதில் விழுந்தே படிந்தது. ஆங்கிலம் வீட்டில் காதில் விழாத பிள்ளைக்கு அப்படிக் கேட்கும் வாய்ப்பை நாம்தான் கொடுக்கவேண்டும். ஒப்பிக்கும் பட்டியல் அதைக் கொடுக்காது.

பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். ‘ஈட்டட்’ என்று சொல்லும் பிள்ளையைத் திட்டாதீர்கள். யாரும் அப்படிச் சொல்லித்தரவில்லை. ‘எட்’ என்ற விதியை அதுவாகவே பிடித்திருக்கிறது. விதிவிலக்கு மட்டும்தான் பாக்கி. ‘ஆமாம், நீ தோசை ஏட்’ என்று சரியான வடிவத்தை நாலு தடவை பேச்சோடு பேச்சாகச் சொல்லிக்காட்டுங்கள்.