துறைச் செய்திகளில் இடம்பெறாத ஒரு செய்தி

ஒரு கல்லூரியின் வரலாற்றை எழுதப் புகுவோர் முதலில் தேடுவது அதன் மலர்களையே. கட்டடம் எழுந்த ஆண்டு, கருத்தரங்கு நடந்த நாள், பட்டம் பெற்றோர் பெயர், பரிசு பெற்றோர் படம் ஆகிய யாவும் அங்கே கிடைக்கும். எங்கள் தமிழ்த்துறை மலரில் 'துறைச் செய்திகள்' என்னும் பகுதியைத் தொகுக்கும் பொறுப்பு பதினாறு ஆண்டுகளாக என்னிடம் இருந்து வருகிறது. ஆய்வு, நிகழ்ச்சி, முன்னாள் மாணவர் என அதில் மூன்று தலைப்புகள் உண்டு. ஆண்டுதோறும் பெயர்கள் மாறும், வாக்கியங்கள் மாறுவதில்லை. 'இன்னார் முனைவர் பட்டம் பெற்றார்', 'இன்னார் அரசுப் பணியில் அமர்ந்தார்' என்று எழுதி எழுதி என் கை பழகிவிட்டது.

அச்செய்திகளை நான் குறைத்து மதிப்பிடவில்லை. 1919இல் தோன்றிய வாணியம்பாடி இஸ்லாமியாக் கல்லூரியும், 1951இல் தோன்றிய திருச்சி ஜமால் முகம்மது கல்லூரியும் சென்னைப் புதுக்கல்லூரியும் எத்தனையோ குடும்பங்களில் முதல் பட்டதாரியை உருவாக்கியவை. 'ஆலாபனை'க்காக 1999இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற கவிக்கோ அப்துல் ரகுமான் வாணியம்பாடியில் தமிழ் கற்பித்தவர். கீழக்கரையில் பிறந்த கவிஞர் இன்குலாப் புதுக்கல்லூரியில் பாடம் நடத்தியவர். இலங்கை தந்த பேரறிஞர் ம.மு. உவைஸ் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் அமர்ந்து இஸ்லாமியத் தமிழ் இலக்கிய வரலாற்றைத் தொகுதி தொகுதியாக எழுதுவதில் ஈடுபட்டவர். இத்தகையோர் நடந்த பாதையில்தான் நாமும் நடக்கிறோம் என்னும் பெருமிதம் என் போன்ற எளிய விரிவுரையாளனுக்கும் உண்டு.

நான் ஆய்வியல் நிறைஞர் பட்டம் பெற்றவன். சீறாப்புராணத்தின் நாட்டுப் படலமே என் ஆய்வுப் பொருள். அரபு நாட்டைப் பாடவந்த உமறுப் புலவர் அங்கே தமிழகத்து வயலையும் நீர்வளத்தையும் கொண்டுபோய் வைத்த அழகை நூற்றுப் பத்துப் பக்கங்களில் எழுதினேன். அப்பட்டப் படிப்பை இனி நடத்தலாகாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2022 நவம்பரில் விதி வகுத்துவிட்டது. முன்னரே பெற்ற பட்டத்திற்குக் குறையில்லை என்றார்கள்; ஆயினும் என் பெயருக்குப் பின்னால் நிற்கும் எழுத்துகளைப் பார்க்கும்போது, ஆள் இல்லாத வீட்டின் பெயர்ப் பலகையைப் பார்ப்பது போன்ற உணர்வு தோன்றும். அம்மனநிலையில் நான் இருந்த நாளொன்றில்தான் அந்த மாணவர் வந்தார்.

அவர் 2009இல் எங்கள் துறையில் இளங்கலை முடித்தவர். இப்போது பழைய பாத்திரங்கள் வாங்கி விற்கும் கடை வைத்திருக்கிறார். எந்த ஆண்டு மலரிலும் அவர் பெயர் வந்ததில்லை. கையில் ஒரு துணி மூட்டை. "ஐயா, பழைய வீட்டை இடிக்கிறோம். பரணில் இது கிடந்தது. எங்கள் நன்னியுடையது. ஓதுகிற கிதாபு போலத் தெரிகிறது. மண்ணில் போடக்கூடாது, ஆற்றில் விட்டுவிடலாம் என்று ஜமாஅத்தில் பெரியவர்கள் சொல்கிறார்கள். விடுவதற்கு முன்னால் உங்களிடம் ஒருமுறை காட்டிவிடலாம் என்று தோன்றியது" என்றார்.

மூட்டையை அவிழ்த்தேன். அச்சிட்ட கிதாபு ஒன்று. தைத்துக் கட்டிய கைப்பிரதி ஒன்று. எழுத்து அரபி. சிறுவயதில் மதரஸாவில் குர்ஆன் ஓதிய பழக்கத்தில் முதல் வரியைக் கூட்டிப் பார்த்தேன். பொருள் ஏதும் பிடிபடவில்லை. சற்று நேரங்கழித்தே உண்மை புலப்பட்டது. எழுத்துதான் அரபி, மொழி தமிழ். அது அரபுத்தமிழ். இஸ்லாமியத் தமிழ் இலக்கியத்தைப் பதினாறு ஆண்டுகள் கற்பித்த எனக்கு, என் சமுதாயத்துப் பெண்கள் படித்த தமிழைப் படிக்கத் தெரியவில்லை. "பிறகு பார்த்துச் சொல்கிறேன்" என்று கூறி அவரை அனுப்பிவைத்தேன். அன்று எனக்கு ஏற்பட்ட நாணத்திற்கு அளவில்லை.

அரபுத்தமிழைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்ல முடியாது. அரபியில் இல்லாத ப, ங, ஞ, ண, ள, ற முதலான ஒலிகளுக்கென, இருக்கும் எழுத்துகளோடு புள்ளிகளைக் கூட்டிப் புதிய வடிவங்களை நம் முன்னோர் அமைத்தனர். எகர ஒகரங்களுக்கும் குறிகள் வகுத்தனர். கீழக்கரை மாப்பிள்ளை ஆலிம் (1816–1898) போன்ற பெரியோர் மார்க்கச் சட்ட நூல்களையே அதில் எழுதினர். தைக்கா ஷுஐபு ஆலிம் 1993இல் இத்துறை குறித்து விரிவான ஆங்கில நூல் வெளியிட்டார். இவற்றையெல்லாம் வகுப்பில் ஐந்து மதிப்பெண் வினாவுக்கு விடையாகச் சொல்லி வந்தவனே நான். வரலாறு தெரிந்திருந்தது, வாசிக்கத் தெரிந்திருக்கவில்லை.

இதை எழுதும்போது என் நன்னியின் நினைவு வருவதைத் தவிர்க்க இயலவில்லை. காவிரிக்கரையில் எங்கள் ஊர். அஸருக்குப் பின் நன்னி திண்ணையின் உட்புறம் அமர்ந்து கிதாபை மடியில் வைத்துக்கொண்டு இராகமாக வாசிப்பார். அண்டை வீட்டுப் பெண்கள் சூழ அமர்ந்து கேட்பார்கள். வாசிப்பது தமிழ் என்பது காதில் விழுந்தும் என் கருத்தில் விழவில்லை. மனப்பாடமாக ஏதோ சொல்கிறார் என்றே எண்ணியிருந்தேன். 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத் தொண்டர்கள் எங்கள் தெருவிற்குக் கணக்கெடுக்க வந்தனர். "வீட்டில் எழுதப் படிக்கத் தெரியாதவர் யார்?" என்று கேட்டனர். வாசலில் நின்ற நான், பள்ளி மாணவனுக்குரிய மிடுக்கோடு, "நன்னி மட்டும்தான்" என்றேன். உள்ளே இருந்த நன்னிக்கு அது கேட்டிருக்கும். அவர் மறுக்கவில்லை. எதற்கும் கைநாட்டு வைத்துப் பழகியவர் அவர்.

1995இல் நன்னி மௌத்தானார். அவருடைய கிதாபுகளை ஒரு வெள்ளைத் துணியில் கட்டி, அடக்கம் முடிந்த நாற்பதாம் நாள் காவிரியில் விட்டோம். மரியாதையாகத்தான் விட்டோம். மூட்டையைச் சுமந்து சென்றவன் நானே. எத்தனை கிதாபுகள், அவற்றின் பெயர் என்ன, ஓரங்களில் நன்னி ஏதேனும் எழுதியிருந்தாரா, எதுவும் எனக்குத் தெரியாது. பின்னாளில் நான் எழுதிய ஆய்வேட்டின் துணைநூற் பட்டியலில் எழுபத்திரண்டு நூல்கள் இருந்தன. ஆற்றோடு போன நூல்களைக் கணக்கிடுவார் இல்லை.

அம்மாணவர் விட்டுச் சென்ற மூட்டை ஒரு வாரம் என் மேசையின்மேல் இருந்தது. பிறகு எங்கள் தெருவில் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கும், எண்பது வயதைக் கடந்த மூதாட்டி ஒருவரிடம் எடுத்துச் சென்றேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு தங்குதடையின்றி வாசித்தார். பிறகு என்னை ஏறிட்டுப் பார்த்து, "அரபியும் ஓதுவீர்கள், தமிழும் படித்திருக்கிறீர்கள். இரண்டும் சேர்ந்து வந்தால் மட்டும் தெரியாதா தம்பி?" என்றார். ஏளனமாகக் கேட்கவில்லை, வியந்துதான் கேட்டார். அன்று முதல் நான்கு மாதங்கள், வாரம் இருநாள், சிறுவர்களோடு அமர்ந்து அவரிடம் எழுத்துக்கூட்டினேன்.

அச்சிட்ட கிதாபு தொழுகை, நோன்பு முறைகளைக் கூறுவது. கைப்பிரதியில் சில பாடல்களும், பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கும் மருந்துச் சரக்குகளின் அளவும் இருந்தன. கடைசித் தாளில், வேறு மையில், குடும்பத்தில் பிறந்த பிள்ளைகளின் பெயரும் நாளும் வரிசையாக இருந்தன. முதல் வரி ஹிஜ்ரி 1361, ரஜப் மாதம் என்று தொடங்கியது. ஆங்கிலக் கணக்கில் அது 1942ஆம் ஆண்டின் நடுப்பகுதி. ஒரு பெண் குழந்தையின் பெயர். அதன் அடியில், முப்பத்தாறாம் நாள் மௌத் என்னும் குறிப்பு. அவ்வளவே.

மாணவரை அழைத்துப் படித்துக் காட்டினேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. அன்றிரவே தம் அத்தாவிடம் அதனைச் சொல்லியிருக்கிறார். தம்மையே மூத்த பிள்ளை என்று எழுபது ஆண்டுகளுக்கு மேலாக எண்ணியிருந்த அப்பெரியவர், மறுநாள் காலை மகனை அழைத்துக்கொண்டு என் வீட்டிற்கே வந்துவிட்டார். "எனக்கு ஓர் அக்கா இருந்தாரா? அந்தப் பெயரை இன்னொருமுறை வாசியுங்கள்" என்றார். வாசித்தேன். அப்பெயர் இருந்த இடத்தை விரலால் தொட்டுப் பார்த்தார். என் ஆய்வேட்டை வாசித்து எவரும் அவ்வாறு கண்கலங்கியதில்லை.

கைப்பிரதி ஆற்றுக்குப் போகவில்லை. ஒவ்வொரு தாளையும் ஒளிப்படமெடுத்துத் துறையில் வைத்துக்கொண்டு, மூலத்தை அக்குடும்பத்திடமே திருப்பிக் கொடுத்துவிட்டோம். இப்போது மூன்றாமாண்டு மாணவர் பதினொருவர் வியாழன்தோறும் மாலையில் அந்த எழுத்தைக் கற்கின்றனர். இதற்குப் பட்டம் இல்லை, மதிப்பெண்ணும் இல்லை. ஆய்வு என்பது பட்டத்தோடு தொடங்கிப் பட்டத்தோடு முடிவதன்று என்பதை எனக்குக் கற்பித்தவர், மலரில் ஒருபோதும் பெயர் வராத அந்த முன்னாள் மாணவரே.

இம்மலரைப் படிக்கும் பெரியோர்களுக்கும் முன்னாள் மாணவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பரணில் கிடக்கும் கிதாபை ஆற்றில் விடுமுன் ஒருநாள் துறைக்குக் கொண்டு வாருங்கள். பதவி உயர்வும் பரிசும் மட்டும் செய்தியல்ல. உங்கள் வீட்டு மூத்த பெண்கள் எழுதிவைத்ததும் இனி எங்கள் துறைச் செய்தியே.

அறிவொளிக் கணக்கில் நான் சொன்ன விடையை இனித் திருத்த வழியில்லை. இந்த மலரிலாவது திருத்திக்கொள்கிறேன். என் நன்னிக்குப் படிக்கத் தெரியும்.