அம்புக்குப் பின்

எல்க் என்ற மிருகத்தை மான் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடலாம். ஆனால் மான் என்ற சொல் நம் மனதில் எழுப்பும் பிம்பத்துக்கும் இதற்கும் சம்பந்தம் குறைவு. நம் காடுகளின் கடமானைவிடப் பெரியது. வளர்ந்த ஆண் முந்நூறு கிலோவுக்கு மேல் இருக்கும். இணை தேடும் பருவமான செப்டம்பரில் அது எழுப்பும் சப்தம்தான் விசித்திரம். அடித்தொண்டையில் தொடங்கி, புல்லாங்குழல் போல மேலேறி, மெலிந்து, பிறகு சில உறுமல்களாக உடைந்து நின்றுபோகும். அவ்வளவு பெரிய உடம்பிலிருந்து அவ்வளவு மெல்லிய குரல். கொலராடோவுக்கு வேலைக்கு வந்த மூன்றாம் வருஷம், ராக்கி மலைத் தேசியப் பூங்காவில் சுற்றுலாக் கூட்டத்தோடு நின்று முதலில் இதைக் கேட்டேன். அங்கே வேட்டை கிடையாது. மிருகங்கள் சாலையோரத்திலேயே மேயும். அந்தக் குரலைக் கேட்டவனுக்கு வேட்டைக்குப் போக எப்படித் தோன்றியது என்றால் என்னிடம் கௌரவமான பதில் இல்லை. கூட்டத்தில் நின்று வேடிக்கை பார்ப்பது போதவில்லை. அருகில் போக வேண்டும் போலிருந்தது. அவ்வளவுதான்.

கொலராடோவில் 1949 ஜனவரி முதல் தேதியோ அதற்குப் பிறகோ பிறந்தவர்கள் வேட்டைப் பயிற்சி வகுப்பில் தேறினால்தான் லைசென்ஸ் கிடைக்கும். ஆயுதப் பாதுகாப்பு, சட்டம், மிருகத்தின் உடம்பில் இருதயமும் நுரையீரலும் எங்கே இருக்கின்றன என்று காட்டும் படம். 2014-ல் தேறினேன். என் பக்கத்து வீட்டுக் கிழவர் அந்தத் தேதிக்கு முன்பே பிறந்துவிட்டவர். பரீட்சை எழுதாத அவர்தான் எனக்கு ஆசிரியராக வாய்த்தார். துப்பாக்கி வேண்டாம், வில்லில் தொடங்கு என்றார். வில் என்றால் முப்பது மீட்டருக்குள் போயாக வேண்டும். முப்பது மீட்டருக்குள் போகத் தெரியாதவன் முந்நூறு மீட்டரிலிருந்து சுட்டால் அவனுக்குக் கடைசிவரை காடு தெரியாமலே போய்விடும் என்பது அவர் கட்சி.

முதல் வருஷம் ஒன்பது நாள் அலைந்தேன். பத்தாயிரம் அடி உயரம். ஆஸ்பென் மரங்கள் மஞ்சளாகத் தொடங்கும் பருவம். ஒரு எல்க்கைக்கூடக் கண்ணால் பார்க்கவில்லை. புழுக்கை பார்த்தேன், பழையது எது, அன்று போட்டது எது என்று பிரிக்கக் கற்றேன். ஆண் புரண்டு எழுந்த சேற்றுக்குழியை மூத்திர நெடியை வைத்துக் கண்டுபிடித்தேன். இரவில் திறந்த புல்வெளியில் மேய்ந்துவிட்டு, வெயில் ஏறியதும் வடக்குச் சரிவின் அடர்ந்த ஊசியிலைக் காட்டுக்குள் போய்ப் படுத்துக்கொள்கின்றன என்பது புத்தகத்தில் ஒரு வரி. அந்த ஒரு வரி கால்களுக்குள் இறங்க ஒன்பது நாள் பிடித்தது.

இரண்டாம் வருஷம் காற்று. மலையில் காற்றுக்கு ஒரு தினசரி ஒழுங்கு உண்டு. இரவில் குளிர்ந்து கனத்துச் சரிவில் கீழிறங்கும்; வெயில் பட்டதும் சூடேறி மேலேறும். ஆகவே விடியலில் மிருகத்துக்குக் கீழே இருக்க வேண்டும், நண்பகலுக்குப் பின் அதற்கு மேலே. இரண்டுக்கும் நடுவில் காற்று திசை தெரியாமல் சுழலும் நேரம் ஒன்று இருக்கிறது. அப்போது எதுவும் செய்யாமல் இருக்கத் தெரிய வேண்டும். ஒரு சின்னப் பிளாஸ்டிக் புட்டியில் பவுடரை அடைத்துக்கொண்டு ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை பீய்ச்சி, அது எந்தப் பக்கம் போகிறது என்று பார்ப்பேன். எல்க் தன் கண்ணைச் சந்தேகிக்கும், காதைச் சந்தேகிக்கும், மூக்கைச் சந்தேகிப்பதே இல்லை.

மூன்றாம் வருஷம் குரல். ரப்பர் சவ்வு பொருத்திய சிறு வளையத்தை மேலண்ணத்தில் ஒட்டவைத்து ஊதினால் பெண் எல்க்கின் குரல் வரும். ஆபீஸுக்குக் காரில் போகும்போது பழகினேன். வீட்டில் ஊத அனுமதி இல்லை. அந்த வருஷம் ஒரு ஆண் பதில் சொன்னது. மறுபடி கூப்பிட்டேன்; மறுபடி பதில். பேச்சு வளர வளர என் குரல்மேலேயே எனக்கு மோகம் வந்துவிட்டது. திடீரென்று மௌனம். போய்விட்டது என்று எழுந்தேன். அது போகவில்லை. சத்தமே இல்லாமல் சுற்றிவந்து, என் வாசனை போகும் பக்கத்தில் இருபது மீட்டரில் நின்றுகொண்டிருந்தது. ஒரு கிளை முறிந்த சத்தம். பிறகு வெறும் காடு. அதிகம் கூப்பிடுகிறவன் தான் எங்கே இருக்கிறான் என்பதை மட்டுமே சொல்லிக்கொண்டிருக்கிறான். கவிதை எழுதும் நண்பர்கள் சிலரிடமும் இதைச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

மூன்று வருஷம் வெறுங்கையோடு திரும்பியதில் எனக்கு வருத்தம் இருக்கவில்லை. ஒருவிதத்தில் பெருமையாகவே இருந்தது. பொது நிலத்தில் எல்க் வேட்டைக்குப் போகிறவர்களில் பெரும்பான்மையோர் வெறுங்கையோடுதான் திரும்புகிறார்கள். பலர் ஓரிரு வருஷத்தில் விட்டுவிடுகிறார்கள். நான் விடவில்லை. எனக்குப் பொறுமை இருக்கிறது என்று நம்பத் தொடங்கினேன்.

2017 செப்டம்பரில் ஒரு மாலை, ஊற்றுக்கு ஒரு பெண் எல்க் இறங்கி வந்தது. இருபத்தைந்து மீட்டர். காற்று என் முகத்தில். நாணை இழுத்துப் பிடித்தேன். விட்ட கணத்தில் அது ஓர் அடி முன்னே எடுத்துவைத்தது. அம்பு நான் குறிவைத்த இடத்துக்கு ஒரு சாண் பின்னால் பாய்ந்து மறுபுறம் போய் விழுந்தது. மிருகம் முதுகைக் குறுக்கிக்கொண்டு நடந்தே போனது. ஓடவில்லை.

அம்பை எடுத்துப் பார்த்தேன். கருஞ்சிவப்பு ரத்தம், கொஞ்சம் பச்சை, இரைப்பையின் நாற்றம். நுரையீரலில் பட்டிருந்தால் ரத்தம் நுரைத்து வெளிறியிருக்கும். மிருகம் ஒரு நிமிஷத்துக்குள் விழுந்திருக்கும். ஈரல் என்றால் நான்கைந்து மணி நேரம் பொறுக்க வேண்டும். இரைப்பை என்றால் எட்டு மணியோ பன்னிரண்டு மணியோ அதன் பின்னால் போகவே கூடாது. காயம்பட்டது நூறு இருநூறு மீட்டரில் படுத்துக்கொள்ளும். தொந்தரவு செய்யாவிட்டால் அங்கேயே சாகும். துரத்தினால் எழுந்து மைல் கணக்கில் போகும். இதெல்லாம் எனக்குத் தெரியும். அம்பு விட்டதும் உட்கார்ந்துவிடு என்று கிழவர் முதல் வருஷமே சொல்லியிருந்தார். வில்லைத் துடைத்து வைப்பது போல அதையும் ஒரு நுட்பக் குறிப்பாக எடுத்துக்கொண்டிருந்தேன்.

மேற்கே மேகம் கறுத்திருந்தது. மழை வந்தால் ரத்தத் தடம் அழிந்துவிடும். விடியும்வரை விட்டுவைத்தால் இறைச்சி கெட்டுவிடலாம். காரணங்கள் நியாயமானவைதாம். ஆனால் நான் அவற்றை அடுக்கிக்கொண்டிருந்தபோதே என் கால்கள் நடந்துகொண்டிருந்தன. இருபது நிமிஷம்கூட ஆகியிருக்காது. நூற்றைம்பது மீட்டரில் அது படுத்திருந்த இடம் இருந்தது. நசுங்கிய புல், கையை வைத்தால் கதகதப்பு. முன்னால் எங்கோ, எழுந்து போகும் குளம்புச் சத்தம்.

மழை பெய்யவே இல்லை.

லீவு சொல்லிவிட்டு இரண்டு நாள் தேடினேன். கிழவரும் கோலை ஊன்றிக்கொண்டு முதல் நாள் பாதி வழிவரை வந்தார். அண்டங்காக்கைகள் எங்கே இறங்குகின்றன என்று பார்த்துக்கொண்டிருந்தோம். கிடைக்கவில்லை. காயப்படுத்திய மிருகத்தைத் தேட நியாயமான முயற்சி செய்ய வேண்டும் என்கிறது சட்டம். அதற்கு மேல் கேட்பதில்லை. சட்டப்படி நான் வேட்டையைத் தொடரலாம். தொடரவில்லை. மிருகத்தின் உடம்பில் கட்டுவதற்காக லைசென்ஸோடு வரும் அட்டை பயன்படாமலே மேஜை இழுப்பறையில் கிடந்தது.

நான் பொறுமை என்று நினைத்துக்கொண்டிருந்தது ஆசையின் இன்னொரு தோற்றம் என்று அந்தக் குளிர்காலத்தில்தான் புரிந்தது. மிருகம் வரும்வரை காத்திருப்பதில் ஒரு ருசி இருக்கிறது. அந்த ருசிக்காக மூன்று வருஷம் என்ன, பத்து வருஷம் காத்திருக்கலாம். நம் நீதி நூல்கள் காத்திருப்புக்குக் கொக்கை உதாரணம் காட்டுகின்றன. கொக்குக்குச் சிக்கல் இல்லை. கொத்திய கணத்தில் அதன் காத்திருப்பு முடிந்துவிடுகிறது. மீன் உள்ளே போய்விடுகிறது. அம்புக்குப் பிந்திய எட்டு மணி நேரம் அதற்குத் தெரியாது. அந்த நேரத்தில் எதிர்பார்க்க எதுவும் இல்லை. தான் செய்ததைத் திருத்தவும் முடியாமல், முடித்துவைக்கவும் முடியாமல், அதன் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். ஸ்பானியச் சிந்தனையாளர் ஓர்த்தேகா இ காஸெட் 1942-ல் ஒரு வேட்டை நூலுக்கு எழுதிய நீண்ட முன்னுரையில் வேட்டைக்காரனை விழிப்புள்ள மனிதனாகக் காண்கிறார். எனக்கு அது பாதிதான் சரியென்று படுகிறது. அம்பு விடும்வரை நானும் விழிப்பாகத்தான் இருந்தேன்.

2018-ல் லைசென்ஸ் வாங்கவில்லை. வில் இல்லாமல் மலைக்குப் போய் உட்கார்ந்திருந்தேன். இந்தப் பக்கத்தில் எல்க் இருப்பதே ஒரு நீண்ட காத்திருப்பின் விளைவு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சந்தைக்காகச் சுட்டே அநேகமாகத் தீர்த்துவிட்டார்கள். 1913-லும் 1914-லும் யெல்லோஸ்டோனிலிருந்து 49 எல்க்குகளைக் கொண்டுவந்து எஸ்டெஸ் பார்க் பகுதியில் விட்டார்கள். பூங்காவில் நான் கேட்ட குரலுக்குப் பின்னால் அந்த 49 இருக்கின்றன. கொண்டுவந்து விட்டவர்களில் எத்தனை பேர் காடு நிறைந்ததைக் கண்ணால் பார்த்திருப்பார்கள்?

2019-ல் மறுபடி வில்லோடு போனேன். ஆறாம் நாள் காலை ஏழு மணிக்கு இன்னொரு பெண் எல்க். அம்பு சரியான இடத்தில் பட்டது போலத்தான் இருந்தது, நிச்சயமில்லை. அது மரங்களுக்குள் மறைந்தது. வில்லைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தேன். பையில் தயிர்சாதம் இருந்தது, சாப்பிட முடியவில்லை. ஒரு அணில் விடாமல் கத்திக்கொண்டிருந்தது. எழுந்து போகச் சொல்லி எனக்குள் கிளம்பிய நியாயங்கள் எல்லாம் இரண்டு வருஷத்துக்கு முன் கேட்டவைதாம். இந்த முறை அந்தக் குரலை அடையாளம் தெரிந்தது. பதினொரு மணிக்கு எழுந்தேன். எண்பது மீட்டரில் கிடந்தது. இரண்டு நுரையீரலிலும் பட்டிருந்தது. ஒரு நிமிஷத்துக்குள் செத்திருக்கும். நான் காத்திருந்த நான்கு மணி நேரம் அதற்குத் தேவைப்படவில்லை.

அங்கேயே தோலுரித்து, துண்டு போட்டு, முதுகில் சுமந்து நான்கு நடை. கடைசி நடைக்கு இருட்டிவிட்டது. கிழவருக்கு ஒரு பின்தொடையைக் கொண்டுபோனேன். எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தாய் என்று மட்டும் கேட்டார். சொன்னேன். கத்தி எடுத்துவர உள்ளே போனார்.

ஃப்ரீஸரில் வைக்கும் இறைச்சிப் பொட்டலங்களில் தேதி எழுத வேண்டும். மிருகம் செத்த தேதியையே எழுதினேன். நாற்பதுக்கு மேல் பொட்டலங்கள்; எல்லாவற்றிலும் ஒரே தேதி. எழுதிக்கொண்டிருக்கையில் மற்றதன் ஞாபகம் வந்தது. அது எந்தத் தேதியில் செத்தது என்று எனக்குத் தெரியாது.