பேரேடு யார் கையில்?

என் அப்பா விருதுநகரில் மிளகாய் வத்தல் கமிஷன் மண்டி வைத்திருந்தார். கமுதி, முதுகுளத்தூர், பரமக்குடிப் பக்கமிருந்து முண்டு வத்தல் மூட்டைகள் எங்களிடம் வந்து இறங்கும். கல்லூரி முடித்த கையோடு நான் அந்த மண்டியில் சிட்டை எழுத உட்கார்ந்தேன். பல வருஷம் கழித்து, வத்தல் விளைவிக்கும் அதே சம்சாரிகள் பங்கு போட்டு நடத்தும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் ஒன்றில் மேலாளராகச் சேர்ந்தேன். வாங்குகிறவர் வீட்டில் பிறந்து, விற்கிறவர்களிடம் சம்பளம் வாங்குகிறவன் நான். பாரம்பரிய வியாபாரம், சமூக நோக்கத் தொழில் என்று இரண்டையும் எதிரெதிரே நிறுத்திப் பேசுகிறவர்களைக் கேட்கும்போதெல்லாம், பார்த்ததைச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றும்.

பழைய வியாபாரத்துக்குச் சமூக அக்கறையே கிடையாது என்கிறார்கள். விருதுநகர்க்காரன் இதை ஒப்ப முடியாது. காமராசர் படித்த க்ஷத்திரிய வித்தியாசாலை 1889இல் தொடங்கியது. வியாபாரிகள் கொடுத்த மகமையும் வீட்டுக்கு வீடு எடுத்து வைத்த பிடியரிசியும் சேர்ந்து எங்கள் ஊரில் பள்ளிகளை வளர்த்தன. மகமை கைமாறும் சரக்கின் மேல் விழுந்தது. அந்த வருஷம் லாபமா நஷ்டமா என்ற கேள்வி அதற்கு இல்லை. இன்றைய கம்பெனிச் சட்டத்தின் 135ஆவது பிரிவு, பெரிய நிறுவனங்கள் முந்தைய 3 ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது. லாபம் இல்லாத இடத்தில் அந்தக் கடமையும் இல்லை. மகமை அதைவிடக் கறாரானது என்பதே என் எண்ணம்.

ஆனால் மகமைப் பணத்தை எங்கே செலவிடுவது என்று முடிவு செய்த கூட்டத்தில், வத்தல் விளைவித்தவருக்குப் பாய் விரிக்கவில்லை. கொடுத்தவர்கள் கூடி, கொடுத்தவர்களே முடிவு செய்தார்கள். சிட்டை எழுதிய நாட்களில் இது எனக்கு உறைக்கவில்லை.

மண்டியில் உறைத்தது வேறு. மூட்டையைப் பிரித்ததும் சாம்பிள் என்று அள்ளும் வத்தல் திரும்ப மூட்டைக்குள் போகாது. ஈரம், காம்பு, தூசி என்று எடையில் ஒரு கழிவு. சம்சாரி பக்கத்தில் நின்று பார்ப்பார், பேசமாட்டார். ஏன் பேசவில்லை என்பதற்கு விடை அப்பாவின் பேரேட்டில் இருந்தது. புரட்டாசியில் விதைப்புக்குச் சம்சாரி வாங்கிய முன்பணம் அதில் பற்று எழுதியிருக்கும். மகள் கல்யாணத்துக்கு வாங்கியது, ராத்திரியில் ஆஸ்பத்திரிக்கு ஓடியபோது வாங்கியது எல்லாம் அங்கே இருக்கும். அப்பா பத்திரம் கேட்கமாட்டார். வந்து நின்றவரை வெறுங்கையோடு அனுப்பவும் மாட்டார். பதிலுக்கு, விளைந்த வத்தல் எங்கள் மண்டிக்குத்தான் வரவேண்டும். விலையை நாங்கள்தான் சொல்வோம். அன்பும் பிடியும் ஒரே பக்கத்தில் எழுதப்பட்டிருந்தன. அப்பாவை நல்ல மனிதர் என்று இன்றும் சொல்வேன். அந்த ஏற்பாடு நியாயமானது என்று சொல்ல எனக்கு வாய் வராது.

ஒய்.கே. அலக் குழுவின் பரிந்துரையைத் தொடர்ந்து, 2002இல் கம்பெனிச் சட்டத்தைத் திருத்தி உற்பத்தியாளர் நிறுவனம் என்ற வடிவத்தைக் கொண்டுவந்தார்கள். தனிநபர்கள் உறுப்பினராக இருக்கும் இடத்தில் எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஆளுக்கு ஓர் ஓட்டு. பங்கை வெளியார் சந்தையில் வாங்க முடியாது. உபரி வந்தால், யார் எவ்வளவு சரக்குக் கொடுத்தார் என்பதைப் பார்த்துப் பிரிக்கலாம். நான் சேர்ந்த நிறுவனம் அப்படிப்பட்டது. மின்னணுத் தராசு வைத்தோம், கழிவை நிறுத்தினோம், மண்டியைவிடக் கூடுதல் விலை அறிவித்தோம். உறுப்பினர்களிலேயே பாதிப் பேர் வத்தலைக் கொண்டுவரவில்லை.

முதுகுளத்தூர்ப் பக்கம் ஓர் அம்மா வீட்டுக்குப் போய்க் கேட்டேன். "விலை நல்ல விலைதான் தம்பி. பணம் என்னைக்கு வரும்?" என்றார். வங்கிக் கணக்கில் சில வாரத்தில் வந்துவிடும் என்றேன். "பறிக்கிற ஆளுக்கு அன்னைக்குச் சாயங்காலமே கூலி கொடுக்கணும். மாசியில ஒரு மழை இறங்கிட்டா களத்துல காயிற வத்தல் கறுத்துப்போகும். நான் சொல்லி அனுப்புனா மண்டிக்காரர் அன்னைக்கே வண்டி விடுவாரு. நீங்க விடுவீகளா?" அதற்கு என்னிடம் பதில் இல்லை. மண்டிக்காரரின் மகனான எனக்கு அந்தக் கேள்வியின் எடை தெரிந்திருந்தது. எங்கள் திட்ட அறிக்கையில் விலை இருந்தது, நாள் இல்லை.

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் கதையை நான் திரும்பத் திரும்ப நினைப்பது இதனால்தான். டாக்டர் கோ. வெங்கடசாமி அரசு வேலையில் ஓய்வுபெற்ற பிறகு, 1976இல் 11 படுக்கைகளோடு அதைத் தொடங்கினார். கட்டணம் செலுத்தும் நோயாளிகளிடமிருந்து வரும் வருமானம் மற்றவர்களின் சிகிச்சையையும் தாங்குகிறது என்பதை எல்லாரும் எடுத்துச் சொல்கிறார்கள். எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. முகாமில் பரிசோதித்து, அறுவை சிகிச்சை இலவசம் என்று சொல்லியும் பலர் வரவில்லை. விசாரித்தால் பஸ் கட்டணம், சாப்பாடு, கூட வருபவர் இழக்கும் கூலி என்று காரணங்கள் வந்தன. இலவசம் என்று நாம் சொல்வதற்கு ஏழை வேறு கணக்கில் விலை கொடுக்கிறார். அதைப் புரிந்துகொண்டு போக்குவரத்தையும் உணவையும் சேர்த்தே கொடுத்தார்கள். பிறகு 1992இல் ஆரோலேப் தொடங்கி, இறக்குமதி விலையில் சிறு பங்குக்குக் கண்ணுக்குள் வைக்கும் லென்ஸைத் தாங்களே தயாரித்தார்கள். கைக்காசை எண்ணிப் பார்த்து வாங்குகிறவரைத் தெரிந்து வைத்திருப்பது பழைய வியாபாரியின் படிப்பு. அதை அவர்கள் ஒதுக்கவில்லை, மேலும் ஆழமாகப் படித்தார்கள்.

நாங்களும் மண்டியிடமிருந்து கற்றோம். எடை போட்ட அன்றே ஒரு பகுதிப் பணம், மீதி விற்ற பிறகு என்று மாற்றினோம். விலையில் ஒரு பகுதியை நிறுத்திவைத்துப் பின்னால் கொடுக்கச் சட்டமே இடம் தருகிறது. விலை ஏறும்வரை காத்திருக்க விரும்புகிறவர்களுக்கு ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் வத்தலை இருப்பு வைத்துப் பொருளீட்டுக் கடன் வாங்க வழிகாட்டினோம். பறிப்புக் காலத்துக்கு வண்டியை ஒப்பந்தம் பேசி நிறுத்தினோம். 2023இல் ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பெயருக்கு மதிப்பு கூடியது உண்மை. ஆனால் உறுப்பினர்களைத் திரும்ப அழைத்து வந்தவை அன்றைய பணமும் வண்டியும்தான்.

சமூக நோக்கம் என்றால் நன்கொடையை நம்பி நடப்பது என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. 1959இல் மும்பையில் 7 பெண்கள் 80 ரூபாய் கடனில் அப்பளம் இட ஆரம்பித்ததுதான் லிஜ்ஜத். நஷ்டம் வந்தாலும் யாரிடமும் நன்கொடை கேட்பதில்லை என்று தொடக்கத்திலேயே தீர்மானித்தார்கள். மானியம் நிற்கிற மாதத்தோடு கதவைச் சாத்துகிற அமைப்புகளைப் பார்த்தவன் என்பதால், அந்தத் தீர்மானத்தின் மேல் எனக்கு மிகுந்த மரியாதை.

அப்படியானால் பழைய வியாபாரத்துக்கும் சமூக நோக்கத் தொழிலுக்கும் வித்தியாசம் எங்கே? எங்கள் நிறுவனத்தின் பொதுக்குழுவில் அதை நேரில் பார்த்தேன். வரவு செலவை நான் வாசித்துக்கொண்டிருந்தபோது, மிகக் குறைந்த பங்கு வைத்திருந்த ஒரு பெரியவர் எழுந்தார். "லாரி வாடகை போன வருஷத்தைவிட ஏன் இவ்வளவு கூட?" ரசீதுகளை எடுத்துக் காட்டிப் பதில் சொன்னேன். அரைமணி நேரம் ஆனது. என் அப்பாவின் பேரேட்டை ஒரு சம்சாரிகூடப் புரட்டிப் பார்த்ததில்லை. அதில் அவர்களின் வாழ்க்கை முழுவதும் எழுதியிருந்தும், கேட்கும் உரிமை அவர்களுக்கு இல்லை. விலை விழுந்தால் எங்கள் நிறுவனத்திலும் நஷ்டத்தைச் சம்சாரிதான் சுமக்கிறார். அதை மறைத்துப் பேசினால் அது பொய். ஆனால் நஷ்டம் எப்படி வந்தது என்பது இங்கே அவருக்குத் தெரியும். நிர்வாகக் குழுவை மாற்றும் ஓட்டும் அவரிடம் இருக்கிறது.

சமூக நோக்கம் என்று சொல்லி விற்கும் பொருளை நீங்கள் வாங்கும்போது, அட்டையில் அச்சிட்ட விவசாயியின் படத்தோடு நின்றுவிடாதீர்கள். விளைவித்தவருக்கு அந்த நிறுவனத்தில் பங்கு உண்டா, ஓட்டு உண்டா, சரக்குக் கொடுத்த எத்தனையாம் நாள் பணம் போகிறது, சென்ற ஆண்டுக் கணக்கை அவர் முன்னால் வாசித்தார்களா என்று கேளுங்கள். நேராகப் பதில் சொல்கிறவர்களிடம் வாங்குங்கள்.