நான்காவது மெழுகுவர்த்தி

"அடுத்த சனிக்கிழமை கட்டாயம் போலாம்மா." நான்கு வாரம் இதையே சொன்னேன்.

நியூரம்பெர்க்கில் எனக்கு அது மூன்றாவது குளிர்காலம். மன்னார்குடியிலிருந்து அம்மா வந்திருந்தாள். ஊரின் கிறிஸ்துமஸ் சந்தையைப் பற்றி அவளிடம் அவ்வளவு பெருமையடித்தவன் நான்தான். வேலையில் வருடக் கடைசி நெருக்கடி. "நீ வேலையப் பாருப்பா, சந்தை எங்க ஓடிடப் போவுது" என்று அவளும் சொல்லிவிட்டாள்.

எதிர்வீட்டு ஜன்னலில் ஊசியிலைக் கொப்புகளால் கட்டிய ஒரு வளையம் இருந்தது. அதில் நான்கு மெழுகுவர்த்திகள். ஞாயிற்றுக்கிழமைதோறும் ஒன்று கூடுதலாக எரியும். "இன்னிக்கு மூணு ஏத்திருக்காங்க" என்பாள் அம்மா. நான் லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்கியதில்லை. 1839இல் ஹாம்பர்க்கில் ஆதரவற்ற பிள்ளைகளை வளர்த்துவந்த யோஹான் ஹின்ரிச் விஹெர்ன் தொடங்கிவைத்த வழக்கம் அது. கிறிஸ்துமஸுக்கு இன்னும் எத்தனை நாள் என்று நச்சரித்த பிள்ளைகளுக்காக ஒரு வண்டிச் சக்கரத்தில் மெழுகுவர்த்திகளை ஏற்றினாராம்.

சந்தைக்கும் அதே கணக்குதான். முதல் மெழுகுவர்த்தி ஞாயிறுக்கு முந்தைய வெள்ளியன்று தொடங்கும். டிசம்பர் 24 மதியம் இரண்டு மணிக்கு முடிந்துவிடும். அன்று மாலைதான் ஜெர்மானியர்களுக்குத் திருநாள். எல்லோரும் வீட்டுக்குள் போய்விடுவார்கள். எனக்கோ கிறிஸ்துமஸ் என்றால் 25ஆம் தேதி. லீவையும் 24இலிருந்துதான் போட்டிருந்தேன். அந்த ஊரில் மூன்று வருடம் சம்பளம் வாங்கியவன், அங்கே பண்டிகை என்பது காத்திருக்கும் அந்த நான்கு வாரம் என்று தெரிந்துகொள்ளவே இல்லை.

24ஆம் தேதி, சந்தை கூடும் ஹவுப்ட்மார்க்ட் சதுக்கத்துக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மணி மூன்று. தேரோட்டம் முடிந்த தேரடி போலக் கிடந்தது. சிவப்பு வெள்ளைக் கோடு போட்ட துணிக்கூரைகளின் கீழே பலகைகளைச் சாத்தியிருந்தார்கள். சர்க்கரைப் பாகில் வறுத்த பாதாமின் மணம் மட்டும் இன்னும் போகவில்லை. ஒரே ஒரு கடையில் ஒரு பெண்மணி பொம்மைகளைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டிருந்தார். உலர்ந்த பிளம் பழங்களைக் கம்பியில் கோத்துக் கையும் காலுமாக்கி, வால்நட் கொட்டையைத் தலையாக வைத்த பொம்மைகள். அந்த ஊருக்கே உரியவை. அம்மா நிற்பதைப் பார்த்து ஒன்றை உயர்த்திக் காட்டினார். கிழவன் கிழவி ஜோடி. அம்மா சிரித்தாள். அவர் அதையும் சுற்றிப் பெட்டியில் வைத்துவிட்டார். குளிர் தரையிலிருந்து ஏறியது. "கால் மரத்துப்போச்சுப்பா, போலாம்" என்றாள். ஒரு வார்த்தை கடிந்து சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அடுத்த வருடம் அவளுக்கு முழங்கால் ஒத்துழைக்கவில்லை. முதல் வெள்ளிக்கிழமையே தனியாகப் போய் நின்றேன். மாலை ஐந்தரைக்கு விளக்குகளை அணைத்தார்கள். ஃபிராவென்கிர்ஹே தேவாலய மாடத்தில், பொன்முடியும் கிரீடமுமாக, கிறிஸ்ட்கிண்ட் என்னும் கிறிஸ்துமஸ் தேவதையாக வேடமிட்ட பெண் தோன்றினாள். அவள் கைகளை விரித்து வரவேற்புரை சொல்லத் தொடங்கியதும் அத்தனை பெரிய கூட்டமும் மூச்சுக் காட்டவில்லை. பக்கத்தில் ஒருவர் தன் வயதான தாயின் கழுத்துத் துண்டைச் சரிசெய்துகொண்டிருந்தார். என்னால் மேலே பார்க்க முடியவில்லை.

பட்டையும் கிராம்பும் போட்டுச் சூடாக்கிய சிவப்பு வைனைக் கோப்பைக்கும் சேர்த்து முன்பணம் வாங்கிக்கொண்டு தருவார்கள். கோப்பையைத் திருப்பிக் கொடுத்தால் அந்தப் பணம் திரும்ப வரும். நான் கொடுக்கவில்லை. கழுவித் துடைத்து ஊருக்குக் கொண்டுபோனேன்.

அம்மா அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அடியில் அச்சிட்டிருந்த ஆண்டைத் தடவி, "இது நான் வந்த வருஷமா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா. அதுக்கு அடுத்தது."