வாலறுந்த எலியும் வாப்பாவின் கையும்

கணினியோடு ஒட்டிய கருவிகளில் 'மவுஸ்' ஒன்றுக்குத்தான் செல்லப்பெயரே நிலைத்த பெயராகிப் போயிற்று. 1964-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிறுவனத்தில் டக்ளஸ் எங்கல்பார்ட் என்பவர் கண்ட எண்ணத்துக்கு, அவருடன் பணியாற்றிய பில் இங்கிலீஷ் என்னும் பொறியாளர் உருவம் கொடுத்தார். மரத்தால் ஆன சிறு கூடு. அடியில் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு சக்கரங்கள். மேலே ஒற்றைப் பொத்தான். அதனின்று நீண்ட கம்பி வாலைப் போல் தோன்றியதால் எலி என்று அழைத்தார்கள் என்பர். 1968 டிசம்பர் 9-ஆம் நாள் சான் ஃபிரான்சிஸ்கோவில் ஒரு பெரும் சபையின் முன்னே எங்கல்பார்ட் அதனை இயக்கிக் காட்டினார். இன்று மரம் போயிற்று, சக்கரம் போயிற்று, பெரும்பாலான வீடுகளில் வாலும் போயிற்று. பெயர் மட்டும் போகவில்லை.

வால் இருந்தவரை, கை அசைந்த செய்தி கம்பியின் வழியே நேராகக் கணினியைச் சென்றடைந்தது. வாலை அறுத்த பின்னர் அச்செய்தி காற்றில் ஏறிப் போகவேண்டியதாயிற்று. காற்றிலோ கூட்டம் அதிகம். இதைப் பற்றி இவ்வளவு விரிவாக எழுத நேர்ந்த காரணம், எங்கள் வீட்டில் இந்தச் சிறு கருவி ஒரு பெரிய வேலையை நிறுத்திவிட இருந்ததுதான்.

என் வாப்பாவுக்கு வயது எழுபத்தொன்பது. அவர்களைப் பெற்ற உம்மா, அதாவது என் பாட்டியார், கொழும்பில் கடை வைத்திருந்த பாட்டனாருக்கு எழுதிய கடிதங்கள் நூற்றுக்கு மேல் ஒரு தகரப் பெட்டியில் இருந்தன. எல்லாம் அரபுத்தமிழ். அந்தத் தலைமுறைப் பெண்களில் பலருக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது. ஆனால் ஓதிப் பழகிய எழுத்திலே தமிழை எழுதத் தெரியும். எங்கள் குடும்பத்தில் இன்று அதனைத் தடையின்றி வாசிக்கக்கூடியவர் வாப்பா ஒருவரே. என் தலைமுறை எழுத்துக்கூட்டும். என் பிள்ளைகளுக்கு அதுவும் இல்லை. ஆகவே வாப்பா ஒவ்வொரு கடிதத்தையும் படம் பிடித்துக் கணினியில் ஏற்றி, திரையின் ஒரு பக்கம் படத்தை வைத்துக்கொண்டு, மறுபக்கம் தமிழ் எழுத்தில் தட்டச்சுச் செய்துவந்தார்கள். அஸர் தொழுதுவிட்டு உட்கார்ந்தால் மஃரிபு வரை நடக்கும் வேலை. நாற்பது கடிதங்கள் வரை சீராக நடந்தது.

அதன் பிறகுதான் திரையில் ஓடும் அம்புக்குறி சொன்னபடி கேட்க மறுத்தது. வலது பக்கம் நகர்த்தினால் சற்று நேரம் அசையாமல் நின்று, பிறகு திடீரென்று பாய்ந்து வேறெங்கோ போய் விழும். ஒரு சொல்லைத் தொட்டால் மூன்று வரிகள் நீல நிறம் பூசிக்கொள்ளும்; அடுத்த எழுத்தைத் தட்டிய மாத்திரத்தில் அந்த மூன்று வரிகளும் மறைந்துவிடும். ஒரு நாள் மாலை முழுவதும் உழைத்த பக்கம் பாதியாகக் குறைந்து கிடந்தது.

வாப்பா மவுஸைக் குறை சொல்லவில்லை. தம் கையைப் பார்த்தார்கள். அவர்களுடைய காக்காவுக்குக் கடைசிக் காலத்தில் நடுக்குவாதம் வந்து, கரண்டியைக்கூடப் பிடிக்க முடியாமற் போனதைப் பக்கத்தில் இருந்து கண்டவர்கள். தேநீர்க் கோப்பையைத் தூக்கும்போது வாப்பாவின் விரல்களிலும் மெல்லிய நடுக்கம் உண்டு என்பது உண்மையே. "இனிமே இந்தக் கை சரிப்படாது வாப்பா. பெட்டியை எடுத்து வச்சிரு" என்றார்கள். எங்கள் ஊரில் பாசம் மிகுந்தால் மகனையே 'வாப்பா' என்று அழைப்பது வழக்கம். அந்தச் சொல் அன்றைக்குக் கேட்கத் தாங்கவில்லை.

மவுஸை எடுத்துக்கொண்டு இருவரும் ஒரு கடைக்குப் போனோம். கடைக்காரர் அதைத் தம் மேசையில் இரண்டு முறை உருட்டிப் பார்த்தார், ஒழுங்காக ஓடியது. "வயசானவங்களுக்கு அப்படித்தான் சார் இருக்கும்" என்று வாப்பாவை வைத்துக்கொண்டே என்னிடம் சொன்னார். பழுதைக் கண்டுபிடிக்கத் தெரியாதபோது பயன்படுத்துபவரைப் பழுதாக்கிவிடுவது இக்காலத்தில் பலருக்கும் கைவந்த கலை. மருத்துவத்திலும் இது உண்டு. பேச வந்த பொருள் அதுவன்று.

வீடு திரும்பியதும், மவுஸைப் பற்றிய கேள்வியை ஒதுக்கிவிட்டுக் கையைப் பற்றிய கேள்வியையே முதலில் எடுத்துக்கொண்டேன். அடுத்த வீட்டுப் பிள்ளையிடம் பழைய கம்பி மவுஸ் ஒன்றை இரவல் வாங்கி, வாப்பாவின் கையில் கொடுத்தேன். அரை மணி நேரம் எழுதினார்கள். அம்புக்குறி ஒரு தடவையும் பாயவில்லை. எனக்கு நிம்மதி வந்துவிட்டது. வாப்பாவுக்கு வரவில்லை. "இன்னிக்கு கை நல்லா இருக்குது, அவ்வளவுதான்" என்றார்கள். அதிலும் நியாயம் இருந்தது. நடுக்கம் என்பது ஒரு நாள் கூடும், ஒரு நாள் குறையும். கை காரணமில்லை என்று சொன்னால் மட்டும் போதாது. எது காரணம் என்று காட்டினால்தான் அந்த மனம் அமைதியடையும்.

ஆகவே ஒரு பழைய நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டோம். ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவது, மாற்றியதை எழுதிவைப்பது என்று ஏற்பாடு. நான்கைந்தை ஒரே நாளில் மாற்றினால் நோய் போனாலும் எந்த மருந்து கேட்டதென்று தெரியாமற் போய்விடும்.

மேசையில் தொடங்கினோம். அதன் மேல் கண்ணாடி. கண்ணாடியின் கீழே குடும்பப் புகைப்படங்கள். இன்றைய மவுஸின் வயிற்றில் சிறு விளக்கொன்றும் சிறு கண்ணொன்றும் இருக்கின்றன. அந்தக் கண், தான் நிற்கும் தரையை விநாடிக்கு ஆயிரம் தடவைக்கு மேல் படம் பிடித்து, முன் படத்தையும் பின் படத்தையும் ஒப்பிட்டு, எவ்வளவு தூரம் எத்திசையில் நகர்ந்தோம் என்று கணக்கிடுகிறது. மரத்தின் நுண்ணிய வரியோ காகிதத்தின் சொரசொரப்போ இருந்தால்தான் ஒப்பிட முடியும். தெளிந்த கண்ணாடியில் அதற்குப் பிடிப்பு ஏது? பழைய காலண்டர் அட்டை ஒன்றைத் திருப்பி வைத்து அதன்மேல் ஓட்டினோம். சிறு சிறு தடுமாற்றங்கள் குறைந்தன. பெரும் பாய்ச்சல் குறையவில்லை. மவுஸின் கண்ணில் படிந்திருந்த தூசியை உலர்ந்த பஞ்சினால் ஒற்றி எடுத்ததிலும் மாற்றமில்லை.

பிறகு பேட்டரி. மறுபடி மறுபடி மின்னேற்றிப் பயன்படுத்தும் பேட்டரியைப் போட்டிருந்தோம். அதன் மின்னழுத்தம் 1.2 வோல்ட், சாதாரணப் புதிய பேட்டரி 1.5 வோல்ட். பெரும்பாலான மவுஸ்கள் இரண்டையும் ஏற்கும் என்றாலும், சக்தி தளரும்போது செய்தி அனுப்பும் வலிமையும் தளரும். புதியது போட்டோம்; பேட்டரி அமரும் இடத்தில் இருந்த சுருள்கம்பியின் களிம்பைச் சுரண்டித் துடைத்தோம். அன்று மாலை நன்றாக ஓடியது. மறுநாள் மாலை மீண்டும் பாய்ந்தது. பொத்தான் தேய்ந்தால் ஒரு அழுத்தம் இரண்டு அழுத்தமாகப் பதியும் நோயும் உண்டு. ஆனால் அது அம்பைப் பாய வைக்காது. அதனால் அதை விட்டுவிட்டோம்.

மிஞ்சியது காற்று. மவுஸ் அனுப்பும் செய்தியை வாங்குவதற்காகக் கணினியின் யூ.எஸ்.பி. துளையில் விரல்நகம் அளவே உள்ள ஒரு வாங்கியைச் செருகியிருப்போம் அல்லவா? அவ்விரண்டும் பேசிக்கொள்ளும் அலை 2.4 கிகாஹெர்ட்ஸ். உரிமம் பெறாமல் எவரும் பயன்படுத்தலாம் என்று விடப்பட்ட பொது வீதி அது. வைஃபை அதிலே போகிறது; புளூடூத் அதிலே போகிறது; மைக்ரோவேவ் அடுப்பும் ஏறக்குறைய அதே அலைவரிசையில்தான் உணவைச் சூடாக்குகிறது. என் மனைவி பால் சுட வைக்கும் நேரத்தையெல்லாம் நோட்டில் குறித்தோம். பாலுக்கும் பாய்ச்சலுக்கும் தொடர்பு இல்லை. வைஃபை பெட்டியை அரை மணி நேரம் அணைத்து வைத்தோம். பேரப்பிள்ளைகளின் ஆட்சேபம் ஒன்றுதான் அதனால் விளைந்த பலன்.

ஒன்பது நாள் குறிப்பையும் வரிசையாகப் படித்தபோது ஒரு விஷயம் எழுந்து நின்றது. பாயாத நாட்கள் மூன்று. அந்த மூன்று நாட்களிலும் வாப்பா, முன்பே எழுதி முடித்த பக்கங்களைத் திருத்தினார்களே தவிரப் புதுக் கடிதம் எடுக்கவில்லை. புதுக் கடிதம் எடுக்கும் நாட்களில் கடிதப் படங்கள் அடங்கிய வெளி ஹார்டு டிஸ்க்கைச் செருக வேண்டும். அதனைச் செருகிய துளையோ, மவுஸின் வாங்கி இருந்த துளைக்கு ஒட்டிய அடுத்த துளை.

டிஸ்க்கை எடுத்தோம், அம்பு அடங்கியது. செருகிப் படங்களைப் பிரதி எடுக்கச் சொன்னோம், அம்பு பாய்ந்தது. பிரதி முடிந்ததும் தணிந்தது. இப்படி ஐந்து முறை செய்து பார்த்தோம். பிறகு வாப்பாவை எழுப்பிவிட்டு நான் உட்கார்ந்தேன், எனக்கும் பாய்ந்தது. கல்லூரியில் படிக்கும் என் மகளை உட்கார வைத்தோம். பத்தொன்பது வயதுக் கைக்கும் அதே பாய்ச்சல். வாப்பா அவளுடைய விரல்களை உற்றுப் பார்த்துவிட்டு, "உனக்கும் நடுக்கம் வந்துருச்சா புள்ளே?" என்று கேட்டுச் சிரித்தார்கள். பல நாட்களுக்குப் பிறகு கேட்ட சிரிப்பு.

காரணம் விந்தையானது. இந்த டிஸ்க்குகள் பயன்படுத்தும் யூ.எஸ்.பி. 3.0 என்னும் முறையில் விநாடிக்கு 500 கோடி துடிப்புகள் என்ற வேகத்தில் செய்தி பாய்கிறது. அவ்வளவு வேகத்தில் ஓடும் மின்துடிப்பு, கம்பியின் கவசத்திலும் செருகும் இடத்திலும் சிறிதளவு கசிந்து, வானொலி இரைச்சலாகச் சுற்றிலும் பரவுகிறது. அந்த இரைச்சலின் ஒரு பகுதி சரியாக 2.4 கிகாஹெர்ட்ஸ் வீதியிலேயே விழுகிறது. இன்டெல் நிறுவனம் 2012-ஆம் ஆண்டிலேயே இதனைச் சோதித்து ஓர் அறிக்கையாக வெளியிட்டிருக்கிறது. கம்பியில்லா மவுஸின் வாங்கியை இத்தகைய கருவியை விட்டு எட்டி வைக்கவேண்டும் என்பதும் அதில் உள்ளது. ஆக, மவுஸில் குறையில்லை, டிஸ்க்கிலும் குறையில்லை. மெல்லிய குரலில் பேசுபவரின் சொல்லுக்குக் காது கொடுத்திருப்பவரின் பக்கத்திலேயே ஒருவர் நின்று தம்பட்டம் அடித்தால் எப்படி இருக்கும்? சில சொற்கள் விழும், சில விழா. செய்தி வராத நேரத்தில் அம்பு அசையாமல் நிற்கும். வந்ததும் ஒரே தாவலில் போய்ச் சேரும். பொத்தானை விட்ட செய்தி தாமதித்து வந்தால், இன்னும் அழுத்திக்கொண்டிருப்பதாகவே கணினி எண்ணி, வரி வரியாக நீலம் பூசும். கடைக்காரரின் மேசையில் ஏன் ஒழுங்காக ஓடிற்று என்பதும் இப்போது விளங்குகிறது. அங்கே டிஸ்க் இல்லை.

பரிகாரத்துக்கு ஆன செலவு மிகச் சிறிது. ஒரு முழ நீளத்தில் யூ.எஸ்.பி. நீட்டிப்புக் கம்பி ஒன்று வாங்கி, வாங்கியை அதன் முனையில் செருகி, காலண்டர் அட்டையின் பக்கத்திலேயே வைத்தோம். டிஸ்க்கை மறுபக்கத் துளைக்கு மாற்றினோம். வாலை அறுத்த எலிக்கு மறுபடியும் அரை வால் ஒட்டியதுபோல ஆயிற்று என்று என் மகள் கேலி செய்தாள். இருக்கட்டும். கூடவே, அம்புக்குறியின் வேகத்தை அமைப்பில் இரண்டு படி குறைத்தேன். இருமுறை அழுத்துவதற்கான இடைவெளியைச் சற்று நீட்டினேன். இது வயதான கைக்கு உண்மையாகவே உதவும் காரியம். பாட்டன் பாட்டிமார் கணினி பார்க்கும் வீடுகளில் இதைச் செய்து கொடுக்க ஐந்து நிமிடம் போதும். ஏனோ யாரும் செய்து கொடுப்பதில்லை.

கோப்பை தூக்கும்போது வாப்பாவின் விரல் இன்னமும் மெல்ல நடுங்குகிறது. அது வேறு கணக்கு. அதற்கு மருத்துவரைப் பார்க்கவும் நாள் குறித்திருக்கிறோம். முன்பு போல் போக மறுக்கவில்லை.

கடிதங்களில் இப்போது அறுபத்தேழாவது நடக்கிறது. மழைக்கு முன்னே ஓடு மாற்ற வேண்டும், மூத்தவனுக்கு ஓதுகிற இடத்தில் நல்ல பெயர், வருகிற ஆள் கையில் கறுவாப்பட்டை கொடுத்து அனுப்பவும் என்று பாட்டியார் எழுதிக்கொண்டே போகிறார்கள். கடைசி வரியில் ஒரு சொல் மட்டும் மை பரவிப் பிடிபடவில்லை. வாப்பா அந்த இடத்தில் மூன்று புள்ளி வைத்துவிட்டு, கொழும்பில் இருக்கும் தம் லாத்தாவிடம் கேட்பதற்காகப் படத்தைப் பெரிதாக்கிக்கொண்டிருக்கிறார்கள்.