வால் முளைத்த ‘என்’

எழுத்துரு வரைவதைத் தொழிலாகக் கொண்டவனுக்கு, எல்லோரும் அறிந்த இருபத்தாறு அக்ஷரங்களைக் காட்டிலும் அதிகப் பிரயாசையையும் அதிக சுவாரசியத்தையும் ஒருங்கே கொடுப்பவை, லத்தீன் லிபியின் ஓரங்களில் நிற்கும் விசேஷ எழுத்துக்களே. அவற்றுள் ‘எங்’ என்று பெயர் பெற்ற ஒரு மெய்யெழுத்தைப் பற்றி இங்கே சொல்ல விரும்புகிறேன். நம்முடைய ஙகர ஒலியை ஆங்கிலேயர் ‘என்’, ‘ஜி’ என்னும் இரண்டு எழுத்துக்களைச் சேர்த்துக் காட்டிவர, எழுத்துச் சீர்திருத்தத்தில் நாட்டங்கொண்ட லண்டன் பள்ளித் தலைமையாசிரியர் அலெக்சாண்டர் கில், 1619-இல் வெளியான தம்முடைய ஆங்கில இலக்கண நூலில், ‘என்’னின் வலக்கால் கீழே நீண்டு வளைந்த ஒரே வடிவத்தை அதற்குப் பயன்படுத்தினார்.

ஆங்கிலம் அதை ஏற்கவில்லை. ஆனால் ஒலிநூலார் தங்கள் சர்வதேசக் குறியீட்டில் அதற்கு இடம் அளித்தார்கள். 1928-இல் வெஸ்டர்மான் என்னும் ஜெர்மானிய அறிஞரின் தலைமையில் ஆப்பிரிக்க மொழிகளுக்கென வகுக்கப்பட்ட பொது நெடுங்கணக்கிலும் அது இடம்பெற்றது. இன்று கானாவிலும் டோகோவிலும் வழங்கும் எவே, மாலியின் பம்பாரா, செனகலின் வொலோஃப், உகாண்டாவின் லுகாண்டா, ஐரோப்பாவின் வடகோடியில் சாமி மக்கள் பேசும் மொழிகள், ஆஸ்திரேலியாவில் ஆர்னம் நிலத்துப் பழங்குடியினரின் மொழிகள் ஆகியவற்றில் அது வழங்குகிறது. சாமி மொழிகளுள் ஒன்றான வடசாமியின் நெடுங்கணக்கில் அது ‘என்’னுக்கு அடுத்து நிற்கிறது.

இதன் சின்ன எழுத்தை வரைவது, ‘என்’னின் உடலில் ‘ஜே’யின் வாலை ஒட்டிவிடும் வேலைதானே என்று தோன்றும். ஒட்டிப் பார்த்தால் வலப்பக்கம் கனத்து எழுத்து நிலைகுலைகிறது, ஏனெனில் ‘ஜே’யின் வால் தனித்து நிற்கும் ஒற்றைக் காலுக்கென்று அமைந்தது, இங்கேயோ இடக்கால் பக்கத்திலேயே ஊன்றி நிற்க, வால் அதன் அடியில் நுழைகிறது. ஆகவே வாலைச் சற்றுக் குறுக்கி, நுனியை மெலிவித்து, இடக்காலின் அடிக்கும் வாலுக்கும் நடுவே போதிய வெள்ளையை விடவேண்டும். வால் எந்தக் காலிலிருந்து எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதும் சாதாரண விஷயமன்று. ஒலிக்குறியீட்டில் இடக்கால் இடப்புறம் வளைந்தால் ஞகரம். வலக்கால் வலப்புறம் வளைந்தால் ணகரம். வலக்கால் இடப்புறம் வளைந்தால்தான் ஙகரம். அடிக்குறிப்பின் பொடி எழுத்தில் அந்த வளைவு மங்குமாயின், வாசகன் ஓர் ஒலியை மற்றோர் ஒலியாகப் படித்துவிடுவான்.

இதைவிடப் பெரிய சங்கடம் பெரிய எழுத்தில் இருக்கிறது. பெரிய ‘என்’னின் குறுக்குக் கோட்டை வைத்துக்கொண்டு வலக்காலில் மட்டும் வால் விடுவது ஒரு சம்பிரதாயம்; சின்ன எழுத்தையே பெரிதாக்கி நிறுத்துவது மற்றொன்று. முன்னதை விரும்புவோர் சாமி மக்கள். பின்னதை விரும்புவோர் ஆப்பிரிக்கர். இரண்டுக்கும் அச்சு இல்லாத பழைய அச்சகங்களில் பெரிய ‘ஜி’யைத் தலைகீழாகக் கோத்துச் சமாளித்ததும் உண்டு. வடசாமியில், நம் தமிழில் பெரும்பாலும் காண்பதைப் போலவே, இந்த ஒலி சொல்லின் முதலில் வருவதில்லை. ஆதலால் அங்கே பெரிய எழுத்து, முழுதும் பெரிய எழுத்துக்களால் அமைந்த தலைப்புகளில், தன்னையொத்த உயரமுடையவற்றின் நடுவிலேதான் நிற்கும். எவே மொழியிலோ ஆடவனைக் குறிக்கும் ‘ஙுட்சு’ போன்ற சொற்கள் அதைக்கொண்டே தொடங்குவதால், அது வாக்கியத்தின் தலையில் நின்று, பின்வரும் சின்ன எழுத்துக்களோடு இசைய வேண்டும். இடைவெளியை அமைக்கையில் இவ்விரண்டு நிலைகளையும் நான் தனித்தனியே சோதித்துப் பார்க்கிறேன்.

யூனிகோடு இவ்விரண்டு பெரிய வடிவங்களுக்கும் ஒரே எண்ணைத்தான் வழங்கியிருக்கிறது. அதனால் எழுத்துருவுக்குள் இரண்டையும் வரைந்து வைத்து, உரை எந்த மொழியினது என்று குறிக்கப்பட்டிருக்கிறதோ அதற்குரிய வடிவம் தானே வந்து நிற்கும்படி விதி எழுதுகிறோம். ஆனால் பக்கம் அமைப்பவர் மொழியைக் குறிக்காமல் விட்டுவிட்டால் அந்த விதி உறங்கிக்கொண்டே இருக்கும். எவே வாசகர் தமக்குப் பழக்கமில்லாத வடிவத்தைப் புத்தகம் முழுதும் சகித்துக்கொள்ள நேரும். இவற்றுள் எது அழகியது என்பதில் எனக்கென்று ஓர் அபிப்பிராயம் உண்டாயினும், அதற்கு இங்கே வேலை இல்லை. ஆகவே எழுத்துருவைக் கேட்டு வருகிறவரிடம், தடிப்பையும் அளவையும் பற்றிப் பேசுவதற்கு முன், உரை எந்த மொழியில் இருக்கிறது, அதைப் படிக்கப்போகிறவர் யார் என்பதையே நான் முதலில் விசாரிக்கிறேன்.