திரையின் முதுகு

புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு தாலுகா அலுவலகத்துக்கு எதிர்ச்சாரியில் இருக்கிறது அந்த இ-சேவை மையம். பழைய ஓட்டு வீட்டின் முன்னறை. வாசலில் ஜெராக்ஸ், லேமினேஷன், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ என்று பலகைகள். உள்ளே ஒரு மரப் பெஞ்சு. அதில் உட்கார்ந்தால் கணினித் திரையின் முதுகு மட்டும்தான் தெரியும். கறுப்பு பிளாஸ்டிக்கில் ஆயுத பூஜைக்குப் பூசிய சந்தனம் காய்ந்து வெடித்திருக்கிறது. அதன் நடுவே மங்கிப்போன குங்குமம். கீழே ஒயர்கள். இந்த முதுகைப் பார்த்தபடியேதான் எல்லோரும் தங்கள் முறைக்குக் காத்திருக்கிறார்கள்.

திரையின் முகம் ஒருத்திக்கு மட்டும் சொந்தம். இருபத்தைந்து வயதிருக்கலாம். கிழவிகளுக்கு அவள் பாப்பா, கல்லூரிப் பிள்ளைகளுக்கு அக்கா, மற்றவர்களுக்கு மேடம். வருமானச் சான்று என்று யாராவது வாயெடுத்தால் "நூத்தி மூணா" என்று முணுமுணுத்தபடி சுட்டியை நகர்த்துகிறாள். அரசு இணையதளத்தில் சாதிச் சான்றிதழுக்கு 101, வருமானச் சான்றிதழுக்கு 103. மனிதர்கள் தேவையைச் சொல்கிறார்கள், அவள் எண்ணாக மாற்றிக்கொள்கிறாள். இவள் தட்டி அனுப்புவது விஏஓவின் திரைக்குப் போய், அங்கிருந்து ஆர்ஐ, பிறகு தாசில்தார் என்று ஏறுகிறது. கையெழுத்தும் கணினியிலேயே விழுகிறது. விஏஓவைத் தேடி ஊர் ஊராக அலைந்து, கையெழுத்துக்கு ஒரு நாள், முத்திரைக்கு ஒரு நாள் என்று கூலியை இழந்தவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும். அந்த அலைச்சலை இந்தப் பெட்டி பெரிதும் குறைத்திருக்கிறது. அதை மறுக்க முடியாது.

பெஞ்சின் ஓரத்தில் ஒரு பெண் செல்போனைக் காதோடு அழுத்திப் பிடித்திருக்கிறாள். மகளைக் கல்லூரியில் சேர்க்க வருமானச் சான்று வேண்டும். பதிவு செய்த எண் கணவனுடையது. அவர் திருப்பூரில் பனியன் கம்பெனியில். ஓடிபி அவர் போனுக்குத்தான் போகும். வேலை நேரத்தில் போனை எடுக்க முடியாது, டீ இடைவேளை வரவேண்டும். ஒரு முறை வந்த எண் காலாவதியாகிவிட்டது. மறுபடி அனுப்பியாயிற்று. கடைசியில் மணி அடிக்கிறது. "சொல்லுங்க, சொல்லுங்க" என்று பதறி, கேட்ட எண்களை அவள் உரக்கச் சொல்கிறாள். வேறு யாருக்கும் தெரியக்கூடாத எண்கள் பெஞ்சு முழுக்கக் கேட்கின்றன. அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆளுக்கொரு போன் இருக்கும் என்று நினைத்துச் செய்த ஏற்பாடு இது. வீட்டுக்கு ஒரு போன், அதுவும் வெளியூரில் என்பதுதான் இங்குள்ள நிலை.

அடுத்து, தபால் துறையில் ஓய்வுபெற்ற பெரியவர். உயிரோடிருப்பதாக ஆண்டுதோறும் சான்று கொடுத்தால்தான் ஓய்வூதியம் தொடரும். 2014 நவம்பரில் மத்திய அரசு அதை மின்வழிக்குக் கொண்டுவந்தது. ரேகைக் கருவியில் விரல் பதியவில்லை. அவர் விரலை நெற்றியில் தேய்த்து, அந்த எண்ணெய்ப் பசையோடு மறுபடி வைத்துப் பார்க்கிறார். இல்லை. வயதானால் ரேகை மங்கும், தோல் உலர்ந்தால் கருவிக்குப் பிடிபடாது. மையத்துப் பெண் தன் போனை எடுத்து அவர் முகத்துக்கு நேரே பிடிக்கிறாள். "கண்ணைச் சிமிட்டுங்க ஐயா." படத்தைக் காட்டி ஏமாற்றவில்லை என்று தெரிய, செயலி சிமிட்டச் சொல்கிறது. பெரியவர் இரு கண்ணையும் இறுக மூடித் திறக்கிறார். பச்சைக் குறி விழுகிறது. இன்னும் ஓராண்டுக்குக் கவலையில்லை.

பிறகு முதியோர் உதவித்தொகைக்கு வந்த ஆத்தா. 2023இல் மாதம் 1,200 ரூபாயாக உயர்ந்த தொகை அது. மஞ்சப் பைக்குள் பிளாஸ்டிக் கவர், அதற்குள் ஆதார், ரேஷன் அட்டை, வங்கிப் புத்தகம். ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்கிறார். ஆத்தாவின் பெயரை அவள் ஆங்கிலத்தில் தட்டுகிறாள், தமிழ்ப் பெயரை மென்பொருள் தானே போட்டுக்கொள்கிறது. பதினைந்து நிமிடத்தில் ஒப்புகைச் சீட்டு அச்சாகி வருகிறது. "ஆயிடுச்சு ஆத்தா."

ஆத்தா போகவில்லை. சீட்டைக் கண்ணுக்கு எட்டத்தில் பிடித்து, ஆள்காட்டி விரலை எழுத்தின் அடியில் வைத்து, உதடசைய, ஒவ்வொன்றாகக் கூட்டிப் படிக்கிறார். பின்னால் நிற்பவர்கள் நெளிகிறார்கள். அவர் அவசரப்படவில்லை.

"பாப்பா, எம் பேருல மூணு சுழி போட்ருக்கு. எனக்கு ரெண்டு சுழிதான்."

"அதெல்லாம் ஒண்ணும் பண்ணாது ஆத்தா."

"அறிவொளியில எழுதிக் குடுத்தது ரெண்டு சுழிதாம்மா."

1991இல் இந்த மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியபோது, கல்குவாரியிலும் வயலிலும் வேலை செய்த பெண்கள் பகல் முழுக்க உழைத்துவிட்டு, இரவில் விளக்கடியில் உட்கார்ந்து எழுத்துக் கற்றார்கள். சைக்கிள் ஓட்டவும் கற்றார்கள். கைநாட்டு வைத்த விரலால் கையெழுத்துப் போட்டார்கள். அப்போது ஆத்தாவுக்கு முப்பது வயது இருந்திருக்கும். அன்று கற்ற பெயரை இன்றும் ஒரு சுழி கூடாமல் காத்து வைத்திருக்கிறார்.

பாப்பா சீட்டை வாங்கிப் பார்க்கிறாள். முகத்தில் எரிச்சல் இல்லை, களைப்புதான். நாள் முழுக்க ஆளுக்கு ஆள், பெயருக்குப் பெயர், எழுத்துக்கு எழுத்து அவள் ஒருத்திதான். நடுவில் சர்வர் தொங்கினால் திட்டும் அவளுக்குத்தான் விழுகிறது. "உட்காருங்க ஆத்தா, மாத்திப் பாக்குறேன்" என்கிறாள். அனுப்பிவிட்ட விண்ணப்பத்தை அவளாகத் திருத்த முடியாது. யாருக்கோ போன் செய்கிறாள். திருப்பி அனுப்பச் சொல்லிக் கேட்கிறாள். ஆத்தா பெஞ்சுக்கு வந்து மறுபடி திரையின் முதுகைப் பார்த்து உட்காருகிறார்.

படிக்கத் தெரிந்த மனுஷி. தட்டும்போதே திரை அவர் பக்கமும் தெரிந்திருந்தால் அந்தச் சுழியை அங்கேயே பிடித்திருப்பார். அரை நொடி வேலை. இப்போது இரண்டு அலுவலகங்களுக்கு வேலை, அவருக்கு ஒரு நாள் கூலி நட்டம். எழுத்து மாறிய பெயர் வங்கிப் புத்தகத்தோடு ஒத்துப்போகவில்லை என்றால், அலைச்சல் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். கணினியைக் கற்றுக்கொள்ளாத மக்கள் என்று இவர்களைப் பற்றி எழுதுகிறோம், பேசுகிறோம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இவர்களுக்குக் கணினி காட்டப்படவே இல்லை.

இதற்குப் புதிதாக எதுவும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. ஆதார் பதிவு மையங்களில் விண்ணப்பிப்பவர் தன் விவரத்தைப் பார்த்துச் சரிசொல்ல இரண்டாவது திரை ஒன்று வைக்க வேண்டும் என்று ஆதார் ஆணையமே விதித்திருக்கிறது. அதையே எல்லா இ-சேவை மையங்களுக்கும் கட்டாயமாக்க வேண்டும். எழுத்து பெரிதாக, தமிழில் தெரிய வேண்டும். படிக்காதவர்களுக்கு உரக்கப் படித்துக் காட்ட வேண்டும், அதற்கான நேரத்தையும் சேர்த்துத்தான் அந்தப் பெண்ணுக்குக் கூலி கணக்கிட வேண்டும். அதுவரை, இ-சேவை மையத்துக்குப் போகிறவர்கள் விண்ணப்பத்தை அனுப்புவதற்கு முன் திரையைத் தங்கள் பக்கம் திருப்பச் சொல்லிக் கேளுங்கள். கூச்சப்படாமல் கேளுங்கள்.